மழையும் பாலும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)



மோட்டார்க் காரின் கூரைக்கு இறப்பர் ஒட்டிய கதையைச் சொல்லப் போகிறேன் என்றபோது நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். இலக்கிய நிகழ்ச்சியில் இது எங்கே சேர்த்தி என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகம் கேட்டது. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். உங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

2018ஆம் ஆண்டு கோடையில் மூன்று மாதம் ஜேர்மனியில் தங்கியிருந்தேன். ஸ்ருட்கார்ட் நகரிலிருந்து சற்று விலகிய ஓர் ஊரில் என் தங்கையின் மகன் இருக்கிறான். 1980களின் நடுப்பகுதியில் ஊரைவிட்டுப் போனவன். பல இடங்களில் கூலி வேலை செய்து, பிறகு கராஜ் ஒன்றில் சேர்ந்து, ஐம்பது வயதுக்குப் பிறகு சொந்தமாக ஒரு சிறிய கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பழைய கார்களைத் திருத்தத் தொடங்கியிருந்தான். நான் போனது அவன் கொட்டகை திறந்த முதலாவது வருடம். பகலில் வீட்டில் ஒருவரும் இல்லை. தொலைக்காட்சியில் ஜேர்மன் மொழி. ஆகவே காலையில் அவனோடு புறப்பட்டுக் கொட்டகையில் ஒரு வாங்கில் இருந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வழக்கமாயிற்று. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பதில் தனியான ஒரு சுகம் உண்டு.

ஒருநாள் எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் தன் காரைக் கொண்டு வந்தார். 1973ஆம் ஆண்டில் செய்யப்பட்ட போர்ஷே 911 டார்கா. கார்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இந்தக் காரை ஒருமுறை கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். இருக்கைகளுக்குப் பின்னால் தோளுயரத்துக்கு மேலே எவர்சில்வரில் அகன்ற ஒரு வளைவு. அதற்குப் பின்னால் வளைந்து இறங்கும் பெரிய கண்ணாடி. வளைவுக்கும் முன்கண்ணாடிக்கும் இடையில் உள்ள கூரையை மட்டும் கழற்றி, மடித்து, முன்பக்கத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். என்ஜின் பின்பக்கம், சாமான் முன்பக்கம், எல்லாமே மாறாட்டம். திறந்த கார்களை அமெரிக்காவில் தடை செய்துவிடுவார்களோ என்று ஓர் அச்சம் அந்தக் காலத்தில் இருந்ததாம். கார் குடைசாய்ந்தாலும் உள்ளே இருப்பவரின் தலையைக் காக்க ஒரு வளைவு வைத்தால் தடைக்குத் தப்பலாம் என்ற யோசனையில் பிறந்தது இது. 1965இல் பிராங்க்பேர்ட் கண்காட்சியில் முதன்முதல் வைத்தார்கள். பெயர் சிசிலித் தீவில் 1906 முதல் நடந்துவந்த டார்கா புளோரியோ என்ற கார்ப் பந்தயத்திலிருந்து எடுத்தது. 1973இல் அந்தப் பந்தயத்தில் வென்றதும் ஒரு போர்ஷேதான். அதே வருடத்தில்தான் நான் வாத்தியாராகப் போனேன். இதைப் பிறகு சொல்கிறேன்.

பெரியவரின் முறைப்பாடு எளிமையானது. மழை பெய்தால் இடது முழங்காலில் தண்ணீர் சொட்டுகிறது. முன்னைய வருடம் வேறொரு கராஜில் கொடுத்து, முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலுள்ள இறப்பரை மாற்றியிருக்கிறார். மாற்றிய பிறகு சொட்டு இரண்டு மடங்காயிற்று. மருமகன் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். “இழுத்து ஒட்டியிருக்கிறாங்கள், மாமா” என்றான்.

இந்த இடத்தில் சற்று நின்று விளக்க வேண்டும். கழற்றும் கூரைக்கும் காரின் உடலுக்கும் நடுவே நான்கு பக்கமும் இறப்பர் இருக்கிறது. முன்னால் கண்ணாடிச் சட்டத்தில் ஒன்று. பின்னால் வளைவின் விளிம்பில் ஒன்று. இரு பக்கங்களிலும் கூரையோடு சேர்ந்தபடி இரண்டு. கதவின் கண்ணாடியை உயர்த்தினால் அது போய்ப் பக்கத்து இறப்பரில் அழுந்த வேண்டும். இறப்பர் உள்ளே பஞ்சுபோலக் காற்றறைகள் கொண்டது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். தண்ணீரைத் தடுப்பது பசை அல்ல, இந்த எழும்பும் குணம்தான். இதை ஒட்டும்போது கொஞ்சம் இழுத்தால் வேலை சுலபம். நேராக வரும், அழகாகவும் இருக்கும். ஆனால் இறப்பர் தன் பழைய நீளத்தை மறப்பதில்லை. நாளடைவில் மெல்ல மெல்லச் சுருங்கித் தன் இடத்துக்குத் திரும்பும். அப்போது திறப்பது மூலைகள். மழைத் தண்ணீருக்குத் தேவையானதும் ஒரு மூலைதான்.

நான்கையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. மற்ற மூன்றும் கார் பிறந்தபோது வந்தவை போலிருந்தன. கல்லாய் இறுகி, வளைத்தால் வாய் திறக்கும் வெடிப்புகளோடு இருந்தன. புதியவற்றின் விலை மருமகனின் கொட்டகைக்கு ஒரு மாத வாடகை. பெரியவர் ஒருமுறை ஏமாந்தவர். ஆகவே ஒரு நிபந்தனை போட்டார்: ஒழுகாவிட்டால் காசு, ஒழுகினால் இல்லை. மருமகன் சம்மதித்துவிட்டான். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவன் மனைவி என் முன்னால் ஒன்றும் பேசவில்லை. பேசாததுதான் எனக்குக் கேட்டது. அடுத்த நாளிலிருந்து நான் பார்வையாளனாக இருப்பதை விட்டுவிட்டு எடுபிடியாக மாறினேன்.

பழைய இறப்பரைக் கழற்றுவது ஒரு மணித்தியாலம். அதன் கீழே இருந்த பசையைச் சுரண்டுவது இரண்டு நாள். இரும்பு உளி படக்கூடாது, பெயின்ற் போய்விடும். பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி சுரண்ட வேண்டும். சட்டத்தின் இடது மூலையில் பசைக்குக் கீழே துரு பிடித்திருந்தது. அதைத் தேய்த்து, பூச்சுப் பூசி, காயவிட்டது இன்னொரு நாள். புதிய இறப்பரை வெயிலில் வைத்து இளக்கி, முதலில் பசையில்லாமல் வைத்துப் பார்த்தோம். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, என்னை அறியாமலே இழுத்துவிட்டேன்.

“மாமா, இழுக்காதேங்கோ. தள்ளித் தள்ளித்தான் வைக்க வேணும். கொஞ்சம் கூடிப்போனாலும் பரவாயில்லை, குறையக் கூடாது.”

தள்ளித் தள்ளி வைத்தோம். அந்த இறப்பரைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு ஒரு பெருமிதம் வந்தது. முகர்ந்தும் பார்த்தேன். “எங்கட நாட்டுச் சாமான் இல்லாமல் வெள்ளைக்காரன்ரை காருக்குக் கூரை நில்லாது பார்” என்றேன்.

அவன் சிரித்தான். “இது மரத்துப் பால் இல்லை, மாமா. நிலத்தெண்ணெயிலை இருந்து செய்யிறது.”

எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. விசாரித்தபோது அவன் சொன்னது சரிதான். இன்றைக்குக் கார்களின் கதவுக்கும் கூரைக்கும் வைக்கும் இறப்பர் பெரும்பாலும் எத்திலீன், புரொப்பிலீன் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் செயற்கை இறப்பர், ஈ.பி.டி.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மரத்துப் பாலில் செய்த இறப்பருக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலே இருக்கும் சிறிதளவு ஓசோன் வாயு வெட்டிவிடும். அதுவும் இறப்பர் எங்கே இழுபட்டு நிற்கிறதோ, அங்கேதான் வெடிப்பு முதலில் விழும். செயற்கையானதில் அந்தச் சங்கிலிக்குள் இரட்டைப் பிணைப்பு இல்லை. வெயிலையும் ஓசோனையும் தாங்கும். மரத்துப் பாலுக்கும் இன்னும் அதன் இடம் இருக்கிறது. ஆகாய விமானத்தின் சக்கரத்துக்கும் பெரிய லொறிச் சக்கரத்துக்கும் அதை விட்டால் வழியில்லை. இப்படியெல்லாம் என்னை நான் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆனால் மழைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பால் என்ற நினைவு மனதில் தங்கிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

இறப்பர் இந்த நாட்டு மரம் அல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள். ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிறேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரைக் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டனில் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 2,700 அளவில். அவற்றில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அதே வருடம் இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைச்சாரல்களெல்லாம் இறப்பர்க் காடாயின. 1952இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினோம். இந்த நாடு இறப்பரைச் சோறாக்கித் தின்றது. இருந்தும் நம் எழுத்தில் இறப்பருக்குக் கிடைத்த இடம் சிறியது என்று எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. தேயிலைக்கு ஒரு சி. வி. வேலுப்பிள்ளை கிடைத்தார், அவர் வழியில் எத்தனையோ பேர் வந்தார்கள். இறப்பர்த் தொழிலாளர் பற்றித் தமிழில் பெயர்பெற்ற நாவலைத் தேடினால் அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’தான் முன்னால் வருகிறது, அதன் களம் மலேசியா.

1973ஆம் ஆண்டு வைகாசி மாதம், 22 வயதில், களுத்துறை மாவட்டத்தில் ஓர் இறப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் பெற்றுப் போனேன். யாழ்ப்பாணத்துக்கு வெளியே அதுவரை நான் வசித்ததில்லை. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது தென்மேல் பருவக்காற்று மழை தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வரும் விருந்தாளி. கிணறு நிறையும், நெல் முளைக்கும், பிள்ளைகள் வெள்ளத்தில் கடதாசிக் கப்பல் விடுவார்கள். இங்கே நாள்தோறும் மழை. எனக்கு ஒரே பரவசம். அதோடு இன்னொன்றையும் கவனித்தேன். வெயில் நாட்களில் பாதிப் பிள்ளைகள் பிந்தி வருவார்கள், சிலர் வந்ததும் தூங்கி விழுவார்கள். மழை நாட்களில் மட்டும் வகுப்பு நேரத்துக்கு நிறைந்துவிடும். வரவு இடாப்பில் பெருமையோடு எழுதினேன். பார்வையிட வந்த அதிகாரியிடமும் சொன்னேன். இளம் ஆசிரியனின் திறமையென்று அவரும் நினைத்திருக்கலாம், நான் நினைத்தேன்.

அப்படியான ஒரு மழை நாளில் ஐந்தாம் வகுப்புக்கு ‘மழை’ என்று கட்டுரை கொடுத்தேன். தவளை, குடை, வானவில் எல்லாம் வந்தன. முன்வாங்கில் இருந்த பையன் ஒருவன் மூன்று வரிதான் எழுதியிருந்தான். ‘மழை பேஞ்சா பால் இல்ல. பால் இல்லாட்டி பேர் இல்ல. அம்மா பேசாம இருக்கும்.’

சிவப்புப் பேனையை எடுத்தேன். பேஞ்சா என்பதை வெட்டிப் பெய்தால் என்று எழுதினேன். பக்கத்தில், ‘மாடு மழையிலும் பால் தரும்’ என்று குறிப்பு. இரண்டாவது வரிக்குக் கீழே கோடு போட்டு, ‘யாருடைய பெயர்?’ என்று கேட்டேன். அம்மாவுக்கு மரியாதை விகுதி போட்டேன். 10க்கு 3 புள்ளி. வகுப்பில் வாசித்தும் காட்டினேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பதும் எனக்கு விளங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு மழைநாள் பின்னேரம் லயத்துப் பக்கமாக நடந்தபோது பெண்களெல்லாம் வேலைக்குப் போகாமல் திண்ணையில் குந்தியிருக்கக் கண்டு, கணக்கப்பிள்ளையிடம் இன்றைக்கு விடுமுறையா என்று கேட்டேன். “வெட்டு இல்லீங்க மாஸ்டர். பேர் விழாது” என்றார். எனக்கு விளங்கவில்லை என்று கண்டு, பொறுமையாகச் சொல்லித் தந்தார்.

பால் வெட்டுவது விடிவதற்கு முன். அந்தக் குளிரில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். ஓர் ஆள் சுமார் 300 மரம் வெட்ட வேண்டும். முந்திய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டு, நூலளவு பட்டையைச் சீவினால், பால் சரிவான காயத்தின் வழியே ஓடி வந்து சிரட்டையில் சொட்டும். பட்டை நனைந்திருந்தால் பால் தன் காலை விட்டு மரமெங்கும் பரவி வீணாகும். சிரட்டையில் விழுந்ததையும் மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். ஆகவே மழையென்றால் வெட்டில்லை. வெட்டில்லையென்றால் செக்றோலில் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. ஒட்டுப்பால் உரிக்கத் தாயோடு இருட்டில் மலை ஏறும் பிள்ளைகள் அன்றுதான் ஆறுதலாகப் பள்ளிக்கூடம் வருவார்கள்.

அந்தப் பையன் எழுதிய மூன்று வரியில் ஒரு பிழையும் இல்லை. ‘யாருடைய பெயர்?’ என்று கேட்டவனுக்குத்தான் பாடம் தெரியாது. அடுத்த நாள் அந்தக் கொப்பியை வாங்கித் திருத்தியிருக்கலாம். பத்துக்குப் பத்தும் போட்டிருக்கலாம். வாத்தியார் பிழைவிட்டதை வகுப்பின் முன்னால் ஒத்துக்கொள்ள அந்த 22 வயது போதவில்லை. நாளைக்கு, அடுத்த தவணைக்கு என்று தள்ளினேன். 1974இல் உணவுத் தட்டுப்பாடு வந்தது. தோட்டங்களில் அது பஞ்சமாகவே இருந்தது. கிழங்கும் கீரையும் தின்று பிள்ளைகள் வற்றிப்போனதை நான் கண்ணால் கண்டேன். ஒரு திங்கட்கிழமை முன்வாங்கு வெறுமையாக இருந்தது. குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். அதன்பின் வவுனியாவில் என்ன நடந்தது என்பதை இந்த நாட்டில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

பல வருடம் கழித்து ஒருமுறை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மரங்களுக்கு வெட்டுக்கு மேலே பொலித்தீன் தாளைப் பாவாடைபோலச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மழைக்காப்பு என்றார்கள். அதே மாவட்டத்தில் அகலவத்தையில் இருக்கும் இறப்பர் ஆராய்ச்சி நிலையமும் இதை ஊக்குவித்தது. தாளின் மேல் விளிம்பு பட்டையோடு சேரும் இடத்தில் தார்போன்ற கரிய பசை பூசியிருந்தது. அந்த ஓர் அங்குலப் பசை விடாமல் இருந்தால் மழையிலும் வெட்டலாம், பேர் விழும். தொட்டுப் பார்த்தேன்; விரலில் ஒட்டியது.

கொட்டகைக்குத் திரும்புவோம். இரண்டு பக்கமும் பசை பூசி, அது விரலில் ஒட்டியும் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, இறப்பரை ஒட்டினோம். புதிய இறப்பர் தடிப்பாக இருந்ததால் கூரையின் கொளுவியை மாட்ட இரண்டு பேர் அழுத்த வேண்டியிருந்தது. இறப்பர் படியட்டும் என்று இரண்டு இரவு மூடியபடி விட்டோம். பிறகு கடதாசிக் கீலத்தை நடுவில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தோம். எங்கும் இறுக்கம். அடுத்தது தண்ணீர். என்னை உள்ளே இருத்தி, கையில் ரோச் லைற்றைத் தந்து கதவைச் சாத்தினான். குழாயால் கீழிருந்து மேலே பிடித்துக்கொண்டு வரவேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடமும் ஓடி, எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இடது மூலைக்கு வந்தபோது என் முழங்காலில் ஒரு சொட்டு விழுந்தது.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியதை ஒளிக்க மாட்டேன். கண்ணாடியில் தட்டினேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் இறப்பரைப் பார்த்தான். ஒட்டியதில் குறை இல்லை. கதவுக் கண்ணாடி போய் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். “எங்கேயாவது சோக் இருக்கோ?” என்று தன்பாட்டில் முணுமுணுத்தான். என் வாழ்நாளில் என்னிடம் தாராளமாக இருந்த ஒரே பொருள் அதுதான். அன்றைக்குத்தான் கையில் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒரு துண்டு வாங்கி வந்தேன். இறப்பர் முழுவதும் வெண்கட்டியைத் தேய்த்து, கண்ணாடியை உயர்த்தி, கதவைச் சாத்தித் திறந்தோம். கண்ணாடி விளிம்பு நீளத்துக்கும் வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. முன்மூலையில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு இல்லை. கதவின் உள்தட்டைக் கழற்றி, கண்ணாடி போய் நிற்கும் தடுப்பை ஒரு நூல் உயர்த்தினான். மறுபடி வெண்கட்டி. இம்முறை கோடு முழுதாக விழுந்தது.

இரண்டாம் முறை உள்ளே இருந்தேன். வெளியே தண்ணீர் இரைந்தது. ரோச் வெளிச்சத்தில் நான்கு மூலையையும் மாறிமாறிப் பார்த்தேன். முழங்காலில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். அவன் வெளியே நின்று ஏதோ கேட்பது வாயசைவில் தெரிந்தது. ஒன்றும் வரவில்லை என்று கையைக் காட்டினேன். அவன் குழாயைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பெரியவர் ஒரு மழைநாளாகப் பார்த்து வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காசு வந்தது. கழற்றிய பழைய இறப்பரில் ஒரு முழத் துண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி பையைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து, என்ன இது என்றார். இறப்பர் என்றேன். “இலங்கைக்கா இறப்பர் கொண்டுவருகிறீர்கள்?” என்று சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார். இப்போது என் மேசை லாச்சியில், நான் வைத்திருக்கும் பழைய சிவப்புப் பேனைகளோடு கிடக்கிறது. சென்ற கிழமை பெரு மழை பெய்தபோது எடுத்துக் கொஞ்சம் வளைத்துப் பார்த்தேன். வெடிப்புகள் வாய் திறந்தன. மெதுவாக விட்டேன்; மூடிக்கொண்டன.